காலுக்குத் திசையில்லாத வீடு

சண்முகவேலின் வீட்டில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பருத்திக்கொட்டை மூட்டைகளுக்குக் கொல்லைப்புறத்தில் கிட்டங்கி, மிளகாய் வத்தலுக்குப் பரண், புண்ணாக்குக்கு நடை, தராசுப் படிக்கற்களுக்குக்கூட மரப்பெட்டிக்குள் தனித்தனிக் குழி. அவன் பெண்டாட்டி சங்கரம்மாள் காலை நீட்டத்தான் இடம் இல்லை.

தரை இல்லாமல் இல்லை. திசைதான் இல்லை. திருச்சுழிக் கடைத்தெருவில் கிழக்குப் பார்த்த வீடு அது. முன்னால் கடை, கடைக்குப் பின்னால் கூடம், கூடத்துக்குப் பின்னால் அடுப்படி. கூடத்தில் படுத்துக் கிழக்கே காலை நீட்டினால் கல்லாப்பெட்டியைப் பார்த்து நீட்டியதாகும். கல்லாவில் இருப்பவள் லட்சுமி, கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவாள். வடக்குச் சுவரில் சாமி மாடம். மேற்கே, அடுப்படி நிலையை ஒட்டி மாமியார் வெள்ளைத்தாயின் கட்டில். சாமியாவது ஒரு சமயம் இல்லாவிட்டால் ஒரு சமயம் கண்ணை மூடும், வெள்ளைத்தாய் மூடமாட்டாள். மிச்சமிருப்பது தெற்கு. தெற்கே கால் போனால் தலை வடக்கே போகும். வடக்கே தலைவைத்துப் படுப்பவளை எமன் தேடி வரவேண்டிய அவசியமே இல்லையாம். அவளே விலாசம் எழுதிப் போட்டமாதிரி.

ஆகவே சங்கரம்மாள் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துச் சுருண்டு படுத்துப் பழகியிருந்தாள். பகலில் அந்தப் பிரச்சினையும் இல்லை. பகலில் அவள் படுப்பதே இல்லை, உட்காருவதும் அபூர்வம். அடுப்படியில் நின்றாள். உரலடியில் நின்றாள். வியாபாரிகள் வந்துவிட்டால் கடைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவுக்குப் பின்னால் மோர்ச் செம்போடு நின்றாள். ஆண்கள் இருக்கும்போது அந்த வீட்டுப் பெண் உட்கார்ந்தாள் என்ற பேச்சு அதுவரை வந்ததில்லை. அது ஒரு கௌரவம். அந்தக் கௌரவம் முழுக்க அவள் இரண்டு கால்களில் இறங்கித் தங்கியிருந்தது.

முதல் பிள்ளைக்குக் கால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்கு முழங்காலுக்குப் பின்னால் சிலந்தி நூல்மாதிரி நீலமாக நாலைந்து இழை ஓடியது. பேறு முடிந்ததும் மங்கிவிட்டது, மறந்துவிட்டாள். மூன்றாவதுக்கு வந்தது மங்கவில்லை. நாலாவது வயிற்றில் இருக்கும்போது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துக் கயிறாகத் திரண்டது. சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி, மெட்டி கழலாது. ஐந்தாவதுக்குப் பிறகு இடது கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்துத் தடித்து அரிப்பெடுக்க ஆரம்பித்தது. இப்போது ஆறாவது. கறுப்புக்கு நடுவில், பழுத்த திராட்சைமாதிரி நரம்பு ஒன்று மெல்லிய தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது.

எல்லாப் பொம்பளைக்கும் வருவதுதான் என்றாள் வெள்ளைத்தாய். தனக்கு வந்ததா என்று கேட்டதற்கு, தான் அந்தக் காலத்துச் சரக்கு என்றாள். சண்முகவேலிடம் சொல்லும் பேச்சே இல்லை. ஒரு பருத்திக்கொட்டையை எடுத்துப் பெருவிரல் நகத்தால் நசுக்கி, அதில் வரும் பாலைப் பார்த்து எந்தக் கரிசல் காட்டில் விளைந்தது என்று சொல்கிற ஆள் அவன். பெண்டாட்டியின் கெண்டைக்காலைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

பார்த்தவள் நர்ஸ் ரோஸி. அருப்புக்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் திருச்சுழிக்கு வந்து, வேதக்காரர் பள்ளிக்கூடத்தில் வைத்து வாயும் வயிறுமாக இருக்கும் பெண்களைப் பார்ப்பாள். சங்கரம்மாள் வயிற்றைக் காட்டப் போனாள். ரோஸி காலைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைக்காக உடம்பு ரத்தத்தைக் கூட்டி ஓட்டுகிறது என்றாள் ரோஸி. பிள்ளைத்தாய்ச்சி உடம்பு தன்னால் இளகிக் கொடுக்கும். ரத்தக் குழாயும் சேர்ந்து இளகிப்போகும். போதாததற்கு வயிறு பெருத்துக் காலிலிருந்து மேலே போகிற குழாயை அமுக்கும். குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. மேலே ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் தடுப்பது அதுகளின் வேலை. பிள்ளைக்குப் பிள்ளை அந்தக் கதவுகள் தளர்ந்துபோகின்றன. அப்புறம் ரத்தம் காலிலேயே குளம் கட்டிவிடும்.

சங்கரம்மாளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. அருப்புக்கோட்டையில் வத்தல் தரகு செய்யும் தனுஷ்கோடியின் மகள் அவள். பாதை கெட்டு லோடு வண்டிகள் மேலே ஏறமுடியாமல் பின்வாங்கி, ஊர் முழுக்கச் சரக்குத் தேங்கி நாறியதை மழைக்காலத்தில் பார்த்திருக்கிறாள்.

வைத்தியம் என்ன என்று கேட்டாள். ரோஸி சொன்ன வைத்தியத்தில் மருந்தே இல்லை.

"காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் மல்லாந்து படுத்து, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வையி. பாதத்துல இருந்து முழங்கால் வரைக்கும் துணி சுத்திக் கட்டு. நின்னுக்கிட்டே இருக்காத. இந்தா, இந்த நரம்பு என்னைக்கு வேணாலும் வெடிக்கும். வெடிச்சா வலிக்காது, ஆனா ரத்தம் நிக்காது. அப்ப உக்காந்துறாத. படு. காலைத் தூக்கி, அந்த எடத்துல விரலால அமுக்கு. மேல கயித்தக் கட்டிறாத. உக்காந்தியோ, உசுர் காலு வழியாப் போயிரும். அப்புறம் தாயி, இந்தக் காலுக்கு இந்தப் பிள்ளையோட போதும். வீட்ல அவுககிட்டச் சொல்லு."

கடைசியாகச் சொன்னதை எந்த மொழியில் அவுகளிடம் சொல்வது என்று தெரியாததால் சங்கரம்மாள் அதை விட்டுவிட்டு, முதல் சரக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வெள்ளைத்தாய் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, காலைத் தூக்கி எந்தப் பக்கம் வைக்கச் சொன்னாள் அந்த வேதக்காரி என்று விசாரித்தாள். மேலே என்றாள் சங்கரம்மாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா என்றாள் வெள்ளைத்தாய்.

தரகர் மகள் அத்தோடு எழுந்துபோய்விடுவாளா. பேரம் தொடங்கினாள். சாமி மாடத்துக்குத் திரை போட்டுவிட்டு வடக்கே நீட்டலாமா என்றாள். திரைக்குப் பின்னால் சாமிக்குக் கண் தெரியாதா என்று பதில் வந்தது. அத்தை கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்றாள். அத்தையைத் தள்ளிவைக்கிற அளவுக்கு வந்துவிட்டதா என்று அழுகை வந்தது. நாலு நாள் இழுத்தடித்தபின் கிட்டங்கியில் வந்து படிந்தது பேரம். அங்கே சாமி இல்லை, கல்லா இல்லை. மத்தியானம் சண்முகவேல் உண்ட மயக்கத்தில் கிடக்கும் நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, பருத்திக்கொட்டை மூட்டைமேல் காலைப் போட்டுக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியவேண்டாம். பதிலுக்குச் சங்கரம்மாள் அதிகாலையில் ஒரு மரக்கால் கூடுதலாக வத்தல் இடிக்கவேண்டும். துணிக்கட்டுக்கு மாமியார் மறுப்புச் சொல்லவில்லை. யுத்தக் காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு, ஆனாலும் சேலைக்கு உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது.

முதல் நாள் மூட்டைமேல் காலைப் போட்டதும் பாதத்தில் எறும்பு ஊர்கிறமாதிரி இருந்தது. பிறகு கனம் இறங்கியது. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து தொடைக்கு, கட்டிக்கிடந்த தண்ணீருக்கு மடை திறந்ததுபோல. நரம்பின் முடிச்சுகள் அமுங்கின. காலென்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஐந்து பிள்ளை பெற்றதில் கிடைக்காத சுகமாக இருந்தது அது. வயிற்றுப் பிள்ளையும் அந்த நேரம் பார்த்துத்தான் புரண்டு விளையாடும். மெட்டி கழன்று மாட்ட வந்தது. அரிப்பு அடங்கியது.

இதைக் கெடுத்தது எலி. கிட்டங்கியில் எலி மூட்டையைக் கடித்து, கொட்டை சிந்தி, ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தது. அந்த வாரம் விலையும் இறங்கியது. எலியும் விலையும் சேர்ந்து வந்தால் சண்முகவேல் காரணம் தேடுவான். காரணத்தை மடியிலேயே வைத்திருந்தாள் வெள்ளைத்தாய். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். விற்கிற சரக்குமேல் பொம்பளை கால் பட்டால் அது விலைபோகுமா என்றாள்.

அவன் அடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. கிட்டங்கிக்குப் பூட்டு வாங்கிவந்து போட்டான். எலி உள்ளேயே இருந்துகொண்டது.

ஈடுகட்டுவதுமாதிரி வெள்ளைத்தாய் ஒரு வைத்தியம் செய்தாள். பருத்திக்கொட்டையை வறுத்துத் துணியில் முடிந்து, சுடச்சுடக் காலுக்கு ஒத்தடம். துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு உட்காரவைத்து, காலைத் தொங்கப்போட்டு, தினமும். சூட்டில் நரம்புகள் மேலும் தளர்ந்து புடைத்தன. காலைக் கொட்டைமேல் வைத்தால்தான் குற்றம். கொட்டையைக் காலின்மேல் வைத்தால் வைத்தியம். சங்கரம்மாள் இதை யோசித்துப் பார்த்தாள். சிரிக்கிற உடம்பாக இருந்தால் சிரித்திருப்பாள்.

எட்டாம் மாதம். மல்லாங்கிணற்று வியாபாரிகள் நாலு பேர் வந்து கடையில் உட்கார்ந்திருந்தார்கள். விலை படியாமல் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. சண்முகவேலும் அவர்களில் மூத்தவரும் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைவிட்டு விரல் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் ஊர்க்கதை பேசும், விரல் விலை பேசும், பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. சங்கரம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். பாதத்தில் இளஞ்சூடாக ஈரம் தட்டியது. மோரைச் சிந்திவிட்டோம்போல என்று குனிந்து பார்த்தாள். மோர் இல்லை.

ரோஸி சொன்னதுபோல வலியே இல்லை. ஊசிமுனைத் துவாரத்திலிருந்து கறுஞ்சிவப்பாகப் பீச்சிக்கொண்டிருந்தது. அவள் அந்த இடத்திலேயே படுக்கப் போனாள். கதவு திறந்திருந்தது, அந்தப் பக்கம் நாலு ஆண்கள். வெள்ளைத்தாய் அவளைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து அடுப்படியில் முக்காலிமேல் உட்காரவைத்தாள். ரத்தம் தரையில் பரவாமல் இருக்கக் காலடியில் தாம்பாளம் வைத்தாள். காப்பித்தூளை அள்ளி அப்பி, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கயிறு இறுக இறுகத் தாம்பாளம் நிறைந்தது. படுக்கவேண்டும், காலைத் தூக்கவேண்டும் என்று சங்கரம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடையில் ஆள் இருக்கும்போது காலைத் தூக்குவதாவது என்று வெள்ளைத்தாய் கையைப் பிசைந்தாள்.

ரத்தம் நிற்காததைப் பார்த்துக் கடைசியில் மகனைக் கூப்பிட்டாள். கடைக்கு எதிரே அருப்புக்கோட்டை பஸ் நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். கரியைப் போட்டு, பின்னால் ஒருவன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அனல் மூட்டினால்தான் அது கிளம்பும். அதில் அவளை ஏற்றிப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் சண்முகவேல் உட்கார்ந்தான். பேரம் முறிந்த மல்லாங்கிணற்று வியாபாரிகள் நாலு பேரும் அதே பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தார்கள். பஸ் பூராவும் தெரிந்த முகங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தது, பலகையில் சொட்டு விழுந்து ஓடியது. ஊரைத் தாண்டுமுன் அவளுக்குக் காது அடைத்தது. கண்முன்னால் பூச்சி பறந்தது.

"கயித்த அவுத்துட்டுக் காலைத் தூக்குங்க," என்றாள். "உங்க தோள்ல வையுங்க. அம்புட்டு ஒசரம் வேற எதுவும் இங்கன இல்ல."

அவன் காதில் விழாததுபோல எதிரே பார்த்தான். எதிரே நாலு பேரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கரம்மாள் முந்தானையை எடுத்து அவன் வலதுகைமேல் போட்டாள். அதற்குள் தன் கையை விட்டாள். அப்பனிடம் பார்த்தது, இதுவரை ஒரு பெண் அந்தப் பாஷையைப் பேசியதாகக் கேள்வியில்லை. அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினாள். ஐந்து. விட்டாள். பிறகு சுண்டுவிரலைத் தனியாகப் பிடித்து, அந்தக் கையை அப்படியே இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். இன்னும் ஒன்று. அப்புறம் அவன் உள்ளங்கையைத் தன் விரலால் துடைத்து விட்டாள். நான் இல்லாமல், மொத்தமும் உனக்கே.

ஐந்து பிள்ளை ஒரு பக்கம், அறுபது தாண்டிய வெள்ளைத்தாய் ஒரு பக்கம். சண்முகவேலுக்குக் கணக்குச் சீக்கிரம் வரும். முந்தானைக்குள்ளிருந்து கையை உருவினான். பிறகு எழுந்தான். அவளைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, கயிற்றை அவிழ்த்து, பலகையில் மண்டியிட்டு, அந்தக் காலைத் தூக்கித் தோளில் சாத்தினான். கொட்டை நசுக்கும் பெருவிரலால் துவாரத்தை அமுக்கிப் பிடித்தான்.

ரத்தம் நின்றது. அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது.

அருப்புக்கோட்டைவரை அவன் விரலை எடுக்கவில்லை. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் சங்கரம்மாள் அவன் முகத்தைக் காலுக்கு நேராகப் பார்த்தபடி வந்தாள். இந்த மனுஷனோடு வாழ்ந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான், கல்யாணமாகி முதல்முறையாக, அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் பிழைக்கவைத்தார்கள். அப்பன் வீட்டிலேயே இருந்து பெற்றாள். பெண். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

கெட்டது சந்தையில் நடந்தது. அந்த நாலு பேரும் ஊருக்குப் போய்ச் சும்மா இருப்பார்களா. மல்லாங்கிணற்றில் சண்முகவேல் விலையை விறைப்பாகச் சொன்ன நேரம், எந்தக் கோயிலுக்கு அண்ணாச்சி காவடி எடுத்தீக என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான். பாலவனத்தத்தில், தோள்ல பாரம் தாங்குற ஆளுதானே, எங்க கஷ்டத்தையும் கொஞ்சம் தாங்குங்க என்று விலையைக் குறைத்தார்கள். துண்டுக்குள் விரல் பிடிக்கும்போதுகூட, அமுக்கு நல்லாத்தான் இருக்கு என்று சிரித்தார்கள். வியாபாரியின் விறைப்பு போய்விட்டால் என்ன மிச்சம். பஸ்ஸில் தூக்கிய கால் அவன் தோளைவிட்டு இறங்கவே இல்லை.

ஒருநாள் சண்முகவேல் வீட்டிலிருந்து தனுஷ்கோடியிடம் ஆள் வந்தது. பிள்ளையோடு அவள் திரும்பி வரலாம். ஆனால் புருஷன் தோளில் காலை வைத்த தோஷம் கழியவேண்டும். சொந்தபந்தத்தைக் கூட்டி, அத்தனை பேர் முன்னால் அவன் தோளைத் தண்ணீர்விட்டுக் கழுவி, காலில் விழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லவேண்டும். மண்டியிட்டால் போதாது, நெடுக விழவேண்டும்.

மாட்டேன் என்றாள் சங்கரம்மாள். இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். தனுஷ்கோடி மகளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"ஆத்தா, சரக்குத் திரும்பி வந்தா தரகன் பேரு கெட்டுப்போகும். படியிற வெலைக்குப் படிஞ்சுட்டுப் போ."

அங்கே ஐந்து பிள்ளைகள் இருந்தன. போனாள்.

காலையிலிருந்து கூடத்தில் நின்றாள். ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர நேரம் பிடித்தது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், குற்றவாளி எப்படி உட்காருவாள். கட்டுக்குள் கால் கனத்துத் துடித்தது, பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. சாமி கும்பிடத் தனியாக ஒரு நிமிஷம் சண்முகவேல் மாடத்தடிக்கு வந்தபோது, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"நீங்க சொல்லுங்க. நான் செஞ்சது தப்பா?"

அவன் திருநீற்றைக் குழைத்தபடி யோசித்தான். பொய் சொல்லவில்லை.

"தப்பில்லதான். அதுக்காக, ஊருக்கு ஒரு வெல குடுக்காம இருக்க முடியுமா?"

அவன் பலகையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தான். சொம்புத் தண்ணீரை ஊற்றி அந்தத் தோளைக் கழுவினாள். அதில் ஒன்றும் இல்லை. ரத்தம் எப்போதோ போய்விட்டது. பிறகு இரண்டடி பின்னால் வந்து, மார்பில் பால் கட்டி வலிக்க, நெடுக விழுந்தாள். தப்பு என்னுடையது என்று தரையிடம் சொன்னாள்.

விழுந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தான்; அவள் தலை அவன் பாதத்தில், மேற்கே. இரண்டு காலும் நீட்டமாக, நேராக, கிழக்கே. திறந்த கதவு வழியே கல்லாப்பெட்டியைப் பார்த்து. அத்தனை பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். வெள்ளைத்தாய் நின்றாள். ஒருவர் வாயிலிருந்தும் சொல் வரவில்லை. விழுந்து கிடக்கிறவளின் கால் எந்தத் திசையில் இருந்தால் யாருக்கென்ன.

கால் மெல்ல மெல்ல இறங்கிக்கொடுத்தது. ஊர்ந்த எறும்புகள் நின்றன. குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

போதும், எந்திரி என்றான் சண்முகவேல். அவள் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு பணிவு என்று யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். வெள்ளைத்தாய்க்கும் மனம் இளகிவிட்டது. குனிந்து மருமகள் தலையில் கைவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஆசீர்வாதம் சொன்னாள்.

"அடுத்தது ஆம்பளையாப் பொறக்கட்டும், தாயி."

பொறக்கட்டும், பொறக்கட்டும் என்று கூடமே சொன்னது.

சங்கரம்மாள் அப்படியே கிடந்தாள்.